கப்பல் நிக்கறது கொழும்புல, உள்ள இருக்கறது நம்ம சரக்கு: ஷிப்பிங் நெட்வொர்க்குக்கும் நாட்டோட ட்ரேடுக்கும் என்ன சம்பந்தம்?

சேப்பாக்கம்_நிலா

எல்லாருக்கும் வணக்கம். எம்.ஏ எகனாமிக்ஸ் ஃபைனல் இயர் படிக்கிறேன், ப்ராஜெக்டுக்கு கப்பல் நெட்வொர்க்கும் நாடுகளோட ஏற்றுமதி இறக்குமதியும்னு தலைப்பு எடுத்திருக்கேன். உலகத்துல நாடு விட்டு நாடு போற சரக்குல எடைக்கணக்குக்கு சுமார் 80 சதவீதம் கடல்லதான் போகுது, அது எல்லாருக்கும் தெரிஞ்சது. ஐ.நா-வோட ட்ரேட் அமைப்பான அன்க்டாட்காரங்க 2004-லருந்து ஒவ்வொரு நாட்டுக்கும் கப்பல் தொடர்பு எவ்ளோன்னு ஒரு கனெக்டிவிட்டி இண்டெக்ஸ் போடுறாங்க. எத்தன கப்பல் வருது, வருஷத்துக்கு மொத்த கொள்ளளவு எவ்ளோ, எத்தன சர்வீஸ், எத்தன கம்பெனி, கப்பல் சைஸ் என்ன, நேரடியா எத்தன நாட்டுக்கு லிங்க் இருக்கு, இந்த ஆறையும் சேத்து ஒரே நம்பர். சீனா எப்பவும் முதல் இடம், அது புரியுது, ஏன்னா அவ்ளோ சரக்கு இருக்கு.

எனக்கு இடிக்கிற இடம் இலங்கை. அந்த நாட்டு சரக்கு ஏற்றுமதி 2024-ல 1,300 கோடி டாலருக்குள்ளதான். நம்ம தமிழ்நாடு மட்டும் 2023-24-ல 4,300 கோடி டாலருக்கு மேல. ஆனா இண்டெக்ஸ்ல இலங்கை அதோட பொருளாதார சைஸுக்கு சம்பந்தமே இல்லாம மேல இருக்கு. கப்பல் தொடர்பு கூடினா ட்ரேட் கூடும்னு படிக்கிறோம், அப்ப இது எப்படி? ஹார்பர் லைன்ல வேலை பாக்கறவங்க இங்க நிறைய பேர் இருக்கீங்கன்னு தெரியும், சொல்லுங்க ப்ளீஸ்.

பாரிமுனை_ஃபார்வர்டர்

நல்ல கேள்விம்மா. ஏற்றுமதிக்காரங்க சரக்க கப்பல்ல புக் பண்ணி அனுப்புற ஃபார்வர்டிங்ல இருக்கேன், ராஜாஜி சாலைலயே காலம் போயிடுச்சு, அதனால புக் கணக்கு இல்லாம பொட்டி (கண்டெய்னர்) கணக்குல சொல்றேன்.

கொழும்புல இறங்குற பொட்டில பெரும்பாலானது இலங்கைக்கு வந்ததே இல்ல. ஃபீடர்ங்கற சின்ன கப்பல்ல இருந்து இறங்கும், யார்டுல கெடக்கும், மதர் வெசல்ங்கற பெரிய கப்பல் வந்ததும் அதுல ஏறும், சீல் கூட ஒடைய மாட்டாங்க. அது நம்ம சரக்கு, பங்களாதேஷ் சரக்கு. அந்த போர்ட் வருஷத்துக்கு 70 லட்சம் டிஇயுக்கு (20 அடி பொட்டி கணக்கு) மேல பண்ணுது, அதுல பெரும்பகுதி இப்படி கப்பல் மாறுற டிரான்ஷிப்மென்ட்தான், அதுலயும் இன்னொரு விஷயம், ஒரே பொட்டி இறங்கும்போது ஒரு தடவ ஏறும்போது ஒரு தடவன்னு ரெண்டு தடவ எண்ணுவாங்க. அதனால போர்ட் நம்பர வெச்சு அந்த நாட்டு ட்ரேட எடை போடவே முடியாது. சிங்கப்பூரும் அதே கதைதான், 2024-ல 4.1 கோடி டிஇயு, நம்ம இந்தியாவுல இருக்க எல்லா போர்ட்டையும் கூட்டினாலும் அதுல பாதி கிட்டதான் வரும். சிங்கப்பூர் ஜனங்க அவ்ளோ சாமான் வாங்கி விக்கறாங்கன்னா அர்த்தம்?

இந்தியாவுல இருந்து வெளிநாட்டு போர்ட்ல மாறி போற சரக்கு இருக்கே, நம்ம டிரான்ஷிப்மென்ட்ல முக்கால்வாசி வெளியதான் நடக்குதுன்னு கவர்மென்ட்டே சொல்லுது, அதுலயும் கொழும்பு, சிங்கப்பூர், மலேசியாவோட கிளாங் இந்த மூணுலதான் 85 சதவீதத்துக்கு மேல. நம்ம ஏற்றுமதிக்காரன் குடுக்கற காசுல அந்த ஊர் கிரேன் ஓடுது.

ஆம்பூர்_லெதர்

இதுதான் சார் நான் தினமும் படுற பாடு. ஷூ அப்பர் யூரோப்புக்கு அனுப்புறோம், பையர் எங்கிட்ட ஃப்ரைட் எவ்வளவுன்னு கேக்கறத விட எந்த தேதிக்கு என் குடோனுக்கு வரும்னுதான் கேக்கறான், சீசன் சரக்கு அது, குளிர்காலத்துக்கு விக்க வேண்டியது ஜனவரில போய் இறங்கினா டிஸ்கவுண்ட் கேப்பான் இல்ல கேன்சல் பண்ணுவான். சென்னைல நேரத்துக்கு பொட்டிய ஹார்பருக்குள்ள கேட்-இன் பண்ணிடுவோம், ஃபீடரும் கெளம்பிடும், கொழும்புல போய் மதர் வெசல் மிஸ் ஆயிடும், கப்பல் கம்பெனி லைன்ல கேட்டா நெக்ஸ்ட் வெசல்ல ஏத்துறோம் சார்னு ஒரு மெயில், அதுவும் ஃபுல், அதுக்கடுத்ததுன்னு வாரக்கணக்குல பொட்டி அங்கேயே கெடக்கும். எங்க பொட்டி எந்த யார்டுல எந்த அடுக்குல இருக்குன்னு கூட யாரும் பதில் சொல்ல மாட்டாங்க. 2024 ஆரம்பத்துல செங்கடல் பிரச்சனைல கொழும்பு நெரிசல் ஆனப்ப நாங்க பட்டது சொல்லி மாளாது.

ஏர்ல அனுப்புன்னு சொல்றவங்க இருக்காங்க. ஸ்ரீபெரும்புதூர் ஃபோன் மீனம்பாக்கத்துல ஃப்ளைட் ஏறும், அதுக்கு அந்த வெல இருக்கு. தோலுக்கு அந்த மார்ஜின் கிடையாது.

காசிமேடு_கடலோடி

நான் மர்ச்சன்ட் நேவில இருந்தவன், இப்ப கரைல. ஏன் மதர் வெசல் சென்னைக்கு வர மாட்டேங்குதுன்னு நிறைய பேர் ஏதோ சதி மாதிரி பேசறாங்க, மேப்ப எடுத்து பாருங்க. சூயஸ்ல இருந்து மலாக்கா போற மெயின் லேன் இலங்கையோட தெக்கு முனைய ஒட்டி போகுது. கொழும்புக்கு திரும்பறது அவனுக்கு சின்ன வளைவு. சென்னைக்கு வரணும்னா இலங்கைய சுத்தி வடக்க ஏறி வரணும், பாக் ஜலசந்தில ஆழம் இல்ல, பெரிய கப்பல் உள்ள நுழையவே முடியாது. சேதுசமுத்திரம் 2005-ல ஆரம்பிச்சு பாதில நின்னது, அது முழுசா முடிஞ்சிருந்தாலும் இந்த சைஸ் கப்பலுக்கு பத்தாது. கொழும்பு சென்னை கடல் தூரம் சுமார் 600 நாட்டிகல் மைல், போய் வர மூணு நாளுக்கு மேல, எரிபொருள், கப்பல உள்ள கூட்டிட்டு வர்ற பைலட்டேஜ் காசு, கப்பல் நிக்கற பெர்த்துக்கு காத்திருப்பு எல்லாம் சேத்துக்கோங்க. 24,000 டிஇயு கப்பல் 400 மீட்டர் நீளம், 16 மீட்டர் ஆழம் குடிக்கும். சென்னை பெர்த்துல அது நிக்காது.

ஆனா கிழக்குப்பக்கம் வேற. சீனா, கொரியா, சிங்கப்பூர், மலேசியாவுக்கு நம்மகிட்ட நேரடி சர்வீஸ் இருக்கு, நடுத்தர சைஸ் கப்பல் அங்கிருந்து நேரா வரும். அதனால சென்னைக்கு கனெக்டிவிட்டி இல்லன்னு மொத்தமா சொல்றது தப்பு. கிழக்க பாத்தா நல்லா இருக்கு, மேற்க பாத்தாதான் கொழும்ப நம்பி இருக்கோம்.

சேப்பாக்கம்_நிலா

கடலோடி சார், இந்த கிழக்கு மேற்கு வித்தியாசம் எனக்கு ரொம்ப யூஸ் ஆகும். ஏன்னா நாட்டுக்கு ஒரு நம்பர்னு பாக்கறத விட ரெண்டு ரெண்டு நாடா ஜோடியா பாக்கற இண்டெக்ஸும் அன்க்டாட்ல இருக்கு. அந்த டேட்டாவ வெச்சு ஃபுகாஸா, ஹாஃப்மன்னு ரெண்டு பேர் 2017-ல ஒரு ஆய்வு பண்ணாங்க. ரெண்டு நாட்டுக்கு நடுவுல நேரடி கப்பல் இல்லாம வழில ஒரு தடவ கூடுதலா பொட்டி மாறினா அந்த ஜோடிக்குள்ள ஏற்றுமதி மதிப்பு சுமார் 40 சதவீதம் கம்மியா இருக்குன்னு அவங்க கணக்கு. ஜிடிபி, தூரம், பொதுவான மொழி, பழைய காலனி உறவு இதெல்லாம் கழிச்சிட்டு பாத்தும் இவ்ளோ வருது. பொருளாதாரம் பெருசா இருந்தா ட்ரேட் கூடும், தூரம் கூடினா கொறையும்னு 1962-ல டின்பெர்கன் ஆரம்பிச்சு வெச்ச கிராவிட்டி மாடல்ல தூரத்த கிலோமீட்டர்லதான் அளப்பாங்க. ஆனா ஆம்பூர் அண்ணா சொன்னத கேட்டா பொட்டி எத்தன எடத்துல கை மாறுதுங்கறதுதான் நிஜ தூரமோன்னு தோணுது.

பாரிமுனை_ஃபார்வர்டர்

அதேதான்மா, ரொம்ப சரியா பிடிச்ச. தாம்பரத்துல இருந்து நேரா ஊருக்கு பஸ் இருந்தா போறவன், நடு ராத்திரி விழுப்புரத்துல எறங்கி மாறணும்னா போறதையே யோசிப்பான் இல்லயா, கிலோமீட்டர் ஒண்ணுதான். பொட்டி மாறுற எடத்துல மூணு நஷ்டம் இருக்கு. ஒண்ணு ஹேண்டிலிங் காசு. ரெண்டு நாள். மூணாவதுதான் பெருசு, நிச்சயமில்லாம போறது. முப்பது நாள் ஆகும்னு உறுதியா தெரிஞ்சா பையர் அதுக்கேத்த மாதிரி ஸ்டாக் வெச்சுப்பான். இருபத்தஞ்சும் ஆகலாம் நாப்பத்தஞ்சும் ஆகலாம்னா அவன் வேற நாட்டுக்காரன தேடிப் போயிடுவான். நம்ம கைய விட்டு ஆர்டர் போனது இப்படித்தான், வெல கம்மிக்காக போனத விட தேதிக்காக போனது ஜாஸ்தி.

முத்துநகர்வாசி

எல்லாரும் கப்பல் வந்தா ட்ரேட் வரும்னு பேசுதிய, எனக்கு அதுல முழு சம்மதம் இல்ல. நான் தூத்துக்குடிக்காரன், இங்க பெரம்பூர்ல இருக்கேன். எங்க ஊர்ல இருந்து ரொம்ப காலமா திருப்பூர் பனியன் பூரா ஃபீடர்ல கொழும்பு போய்த்தான் மாறுது. அப்படி இருந்தும் திருப்பூர் வளரத்தான செஞ்சிச்சு? பங்களாதேஷ பாருங்க. சிட்டகாங் கர்ணஃபுலி ஆத்துக்குள்ள இருக்க போர்ட், ஆழம் ஒம்பது பத்து மீட்டர், ஃபீடர் மட்டுந்தான் போகும், அம்புட்டும் கொழும்பு, சிங்கப்பூர், கிளாங்லதான் மாறும். இண்டெக்ஸ்ல கீழ கெடக்கும். ஆனா துணி ஏற்றுமதில சீனாவுக்கு அடுத்த வரிசைல நிக்கான். அவன் கூலி, ஐரோப்பாக்காரன் 2001-லருந்து ஏழை நாடுகளுக்கு குடுத்த வரிச்சலுக, இதுதான் காரணம். கப்பல் சரக்குக்கு பின்னாடி வரும், சரக்கு கப்பலுக்கு பின்னாடி வராது. நிலா தங்கச்சி இத ப்ராஜெக்ட்ல எழுதணும்.

பாரிமுனை_ஃபார்வர்டர்

அண்ணாச்சி, நீங்க சொல்ற பங்களாதேஷ் உதாரணம் வலுவானதுதான், தள்ளிட முடியாது. ஆனா அவங்க எந்த மாதிரி சரக்கு பண்றாங்கன்னு பாருங்க. ஆறு மாசம் முன்னாடியே ஆர்டர் எடுக்கற பெரிய லாட், ஒரே மாதிரி டி-ஷர்ட், ஜீன்ஸ். அதுக்கு பத்து நாள் லேட்ட தாங்குற கெபாசிட்டி இருக்கு. மூணு வாரத்துக்கு ஒரு தடவ டிசைன் மாத்தற ஃபேஷன் ஆர்டர் ஸ்பெயினுக்கு பக்கத்துல இருக்க மொராக்கோவுக்கும் துருக்கிக்கும்தான் போகுது. அப்ப கப்பல் நெட்வொர்க் ட்ரேட நிறுத்தல, ஆனா எந்த சரக்கு எந்த நாட்டுக்கு கெடைக்கும்னு அதுதான் பிரிச்சு விடுது. மோட்டார் பார்ட்ஸ் மாதிரி, ஒரு பார்ட் வரலன்னா லைன் நிக்கற தொழில், நாலு எடத்துல பொட்டி மாறுற ஊருக்கு வரவே வராது.

ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு 1990-கள்ல வந்ததுக்கு காரணம் நிறைய சொல்வாங்க, பக்கத்துல ஹார்பர் இருந்தது அதுல முக்கியமானது. பார்ட்ஸ் கொரியால இருந்து வரணும், கார் வெளிய போகணும். கார் ஏத்தற ரோரோ கப்பல் சென்னைக்கு ரெகுலரா வர ஆரம்பிச்சது கார் கூடின அப்புறம், அது உங்க கட்சி. ஆனா ரோரோ வந்து நின்னதும் எண்ணூர்ல மத்த கம்பெனிகாரனும் கார் ஏத்த ஆரம்பிச்சான், நிஸ்ஸான் ஏத்தினான், ஃபோர்டு ஏத்தினான். அது என் கட்சி. ரெண்டும் ஒண்ண ஒண்ணு இழுத்துக்கிட்டே போகும்.

சேப்பாக்கம்_நிலா

இதுதான் எனக்கு கைடும் கேட்ட கேள்வி, எது காரணம் எது விளைவு. இதுக்கு ஒரு அழகான சாட்சி வரலாறுல இருக்கு. சூயஸ் கால்வாய் 1967 ஜூன் போர்ல மூடினது, திரும்ப தொறந்தது 1975 ஜூன். எட்டு வருஷம். இத யாரும் ட்ரேட் கொறஞ்சதுனால மூடல, அரசியல் காரணத்துக்காக மூடினது, அதனால எது முன்ன எது பின்னங்கற சிக்கல் இல்ல. பம்பாய் லண்டன் கடல் தூரம் சுமார் 6,300 நாட்டிகல் மைலா இருந்தது, ஆப்பிரிக்காவ சுத்தி போனதும் 10,700 கிட்ட ஆயிடுச்சு. லண்டன் நியூயார்க் தூரம் ஒரு மைல் கூட மாறல. ஜேம்ஸ் ஃபேரர்னு அமெரிக்க பொருளாதார ஆய்வாளர் இத எடுத்து, எந்த ஜோடி நாடுகளுக்கு தூரம் கூடிச்சோ அங்க மட்டும் ட்ரேட் சரிஞ்சதையும், உடனே விழாம ரெண்டு மூணு வருஷம் எடுத்து மெதுவா சரிஞ்சதையும், கால்வாய் தொறந்ததும் அதே மாதிரி மெதுவா ஏறினதையும் காட்டினார். அப்ப முத்துநகர் அண்ணா சொல்றது பாதி, பாதை மாறினா ட்ரேடும் மாறுதுங்கறது மீதி பாதி.

காசிமேடு_கடலோடி

அந்த எட்டு வருஷத்துல நடந்த இன்னொன்னையும் சேத்துக்கம்மா. சுத்திதான் போகணும்னு ஆனதும் எண்ணெய் கப்பல்ங்கள பிரம்மாண்டமா கட்ட ஆரம்பிச்சாங்க, ஏன்னா நீண்ட தூரத்துக்கு பெரிய கப்பல்தான் கட்டுபடி ஆகும். கால்வாய் தொறந்தப்ப அதுல நுழைய முடியாத சைஸ்ல கப்பல்ங்க வந்துடுச்சு. பாதை கப்பல மாத்தும், கப்பல் போர்ட்ட மாத்தும்.

2021 மார்ச் 23-ல எவர் கிவன் கப்பல் சூயஸ்ல குறுக்க மாட்டி ஆறு நாள் நின்னது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அது ஒரு வாரத்து கூத்து. 2023 நவம்பர்ல இருந்து ஏமன் ஹூத்தி படையோட தாக்குதலால செங்கடல விட்டுட்டு நன்னம்பிக்கை முனைய சுத்தினதுதான் நிஜமான அடி, ட்ரிப்புக்கு பத்து நாள்ல இருந்து ரெண்டு வாரம் ஜாஸ்தி. இத வெறும் லேட்டா பாக்காதீங்க. வாரம் ஒரு கப்பல் குடுக்கணும்னா ஒரு சர்வீஸுக்கு பத்து பன்னெண்டு கப்பல் சுத்திட்டே இருக்கணும். ரூட் நீண்டா இன்னும் ரெண்டு கப்பல் சேக்கணும். அந்த ரெண்ட எங்கிருந்து எடுப்பான்? சரக்கு கம்மியா இருக்க வேற ரூட்ல இருந்து. அப்ப செங்கடலுக்கு சம்பந்தமே இல்லாத ஊருக்கும் கப்பல் கொறையும், பொட்டி கெடைக்காது.

ஆம்பூர்_லெதர்

காலி பொட்டி விஷயம் யாரும் பேசலயே. 2021-ல 40 அடி காலி பொட்டிக்கு நாங்க கெஞ்சினோம். சீனாவுல இருந்து அமெரிக்கா போற ரூட்ல வெல எங்கயோ போச்சு, லைன்காரங்க பொட்டிய காலியாவே சீனாவுக்கு திருப்பி ஓட்டினாங்க, நமக்கு லோடு பண்ண குடுக்க அவங்களுக்கு டைம் வேஸ்ட். நம்ம நாட்டு ட்ரேடுக்கு எந்த பிரச்சனையும் இல்லாதப்பவே பசிபிக்ல நடந்த ஒண்ணுக்கு ஆம்பூர்ல ஷிஃப்ட் கொறைச்சோம். வேலை பாத்தவங்க பெரும்பாலும் பொம்பளைங்க, அவங்களுக்கு யார் போய் நெட்வொர்க் பத்தி சொல்றது? மனசு இன்னும் ஆறல.

திருவொற்றியூர்_ட்ரெய்லர்

எல்லாரும் கடல பத்தியே பேசறீங்க. நான் ட்ரெய்லர் ஓட்டி, இப்ப நாலஞ்சு வண்டி வெச்சிருக்கேன். பொட்டி முதல்ல மாட்டிக்கறது கடல்ல இல்லங்க, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல. ஹார்பர் ஜீரோ கேட்டுக்கு முன்னாடி வண்டி வரிசை நிக்கும்போது உள்ள போன டிரைவர் எப்ப வெளிய வருவான்னு ஆண்டவனுக்குதான் தெரியும், சோறு தண்ணி பாத்ரூம் எதுவும் கெடையாது, கட்-ஆஃப் நேரம் தாண்டிட்டா பொட்டி கப்பல் ஏறாம ஷட் அவுட், திருப்பி சி.எஃப்.எஸ் குடோனுக்கு கொண்டு போ, யார் காசு குடுப்பா? பகல்ல சிட்டிக்குள்ள லாரி போக தடை, ராத்திரி மொத்தமா வந்து அடைக்கும். மதுரவாயல் பறக்கும் சாலை 2009-ல அடிக்கல் நாட்டினாங்க, 2012-ல நிறுத்தினாங்க, கூவத்துல தூண் மட்டும் நின்னுச்சு, திரும்பவும் 2022-ல ரெண்டு அடுக்கா கட்டறோம்னு அடிக்கல். அந்த ரோடு அப்பவே முடிஞ்சிருந்தா எத்தன சரக்கு இந்த ஊர விட்டு போகாம இருந்திருக்கும்? கப்பல் வரலன்னு கொழும்ப திட்றதுக்கு முன்னாடி இத பேசுங்க.

பாரிமுனை_ஃபார்வர்டர்

அண்ணே நூத்துக்கு நூறு. லைன்காரன் ஒரு போர்ட்ட ஷெட்யூல்ல சேக்கறதுக்கு முன்னாடி மூணே கேள்விதான் கேப்பான், ஒரு விசிட்டுக்கு எத்தன பொட்டி குடுப்ப, எத்தன மணி நேரத்துல என்ன அனுப்புவ, பெர்த் காலியா இருக்குமா. முதல் கேள்வில நமக்கு ஒரு பெரிய பிரச்சனை இருக்கு, அத ஓப்பனா பேசணும். சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி மூணும் முப்பது நாப்பது கிலோமீட்டருக்குள்ள. மூணுலயும் கண்டெய்னர் டெர்மினல். பின்னாடி இருக்க தொழிற்சாலை பெல்ட் ஒண்ணுதான், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ராணிப்பேட்டை, ஓசூர் பெங்களூர் வரைக்கும். அந்த ஒரே சரக்கு மூணா பிரியுது. ஒரே எடத்துல குவிஞ்சிருந்தா மேற்க ஒரு வாராந்திர நேரடி சர்வீஸ தாங்கற அளவு பொட்டி சேரும்னு நான் நம்பறேன்.

காசிமேடு_கடலோடி

இதுல நான் வேற பக்கம் நிக்கறேன். 1983-ல கண்டெய்னர் டெர்மினல் ஆரம்பிச்சதுல இருந்து ரொம்ப காலம் சென்னை ஹார்பர் ஒண்ணுதான் இருந்துச்சு, அப்ப நேரடி கப்பல் வரிசை கட்டி வந்துச்சா? ஊருக்கு நடுவுல இருக்க போர்ட், விரிக்க எடம் கெடையாது, முன்ன கடல் பின்ன ஜார்ஜ் டவுன். காட்டுப்பள்ளி வந்த அப்புறம்தான் பெர்த்துக்கு காத்திருக்கறது கொறஞ்சது. நிலக்கரிய கோர்ட்டு 2011-ல சென்னைல இருந்து எண்ணூருக்கு மாத்த சொன்னதும் ஒரு வகைல நல்லதுதான், ராயபுரத்துல வீட்டு சுவர் கறுப்பா இருக்கறது நின்னுச்சு. ஒரே இடத்துல குவிக்கறதுன்னா அந்த ட்ரெய்லர் வரிசை இன்னும் எவ்ளோ நீளும்னு திருவொற்றியூர்காரர கேளுங்க.

திருவொற்றியூர்_ட்ரெய்லர்

சத்தியமா வேணாம்.

முத்துநகர்வாசி

கேரளாவுல புதுசா வந்த விழிஞ்ஞம் போர்ட் பத்தி யாரும் பேசலயே. 2024 ஜூலைல முதல் மதர் ஷிப் வந்திச்சு, டிசம்பர்ல இருந்து கமர்ஷியலா ஓடுது, ஒரு வருஷம் முடியறதுக்குள்ள 10 லட்சம் டிஇயு தாண்டிட்டு. மெயின் லேன்ல இருந்து பத்து நாட்டிகல் மைல்தான், இயற்கையாவே 18 மீட்டருக்கு மேல ஆழம். இனி கொழும்புக்கு போற காசு நம்ம நாட்டுக்குள்ளயே சுத்தும்லா?

பாரிமுனை_ஃபார்வர்டர்

காசு நம்ம நாட்டுல சுத்தும், அது பெரிய விஷயம், சந்தேகமே இல்ல. வெளிநாட்டு போர்ட்ல ஸ்ட்ரைக்கு, நெரிசல்னு வந்தா நம்ம கைய கட்டிட்டு நிக்க வேண்டியதில்ல. ஆனா ஆம்பூர்காரருக்கு பொட்டி கொழும்புல மாறினாலும் விழிஞ்ஞத்துல மாறினாலும் ஒரு தடவ மாறத்தான் செய்யுது. நிலாம்மா சொன்ன அந்த 40 சதவீதம் எந்த நாட்டு கொடி பறக்குதுன்னு பாக்காது. சென்னை ஃபீடர் இலங்கைய சுத்திதான் விழிஞ்ஞம் போகணும், கொழும்ப தாண்டித்தான் போகணும். தென் தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் அது வரம். சென்னைக்கு அது ரெண்டாவது ஆப்ஷன், பேரம் பேச ஒரு கை கூடுது, அவ்வளவுதான்.

கொச்சில வல்லார்பாடம் டெர்மினல 2011-ல தொறந்தப்பவும் இதே கனவு கண்டோம். அப்ப கடற்கரை சட்டப்படி வெளிநாட்டு கொடி கப்பல் நம்ம ஊர் போர்ட்டுல இருந்து இன்னொரு நம்ம ஊர் போர்ட்டுக்கு பொட்டி தூக்க முடியாத நெலம, எல்லா போர்ட்டுக்கும் சேத்து 2018-லதான் தளர்த்தினாங்க. போர்ட் கட்டினா மட்டும் பத்தாது, ஃபீடர் வேணும், சட்டம் வேணும், எல்லாத்துக்கும் மேல லைன்காரன் மனசு வைக்கணும்.

முத்துநகர்வாசி

லைன்காரன் மனசுன்னு சொன்னியளே, அங்கதான் எனக்கு கொதிக்கும். வ.உ.சி 1906-ல சுதேசி கப்பல் கம்பெனி பதிஞ்சது எதுக்கு? தூத்துக்குடி கொழும்பு ரூட்ட ஒரே வெள்ளக்கார கம்பெனி கைல வெச்சிருந்தான். இவரு எஸ்.எஸ். காலியா, எஸ்.எஸ். லாவோன்னு ரெண்டு கப்பல கொண்டாந்து ஓட்டினதும் அவன் டிக்கெட்ட அடிமட்டத்துக்கு கொறச்சான், ஓசில ஏத்தி குடையும் குடுத்தான். 1908-ல அவர ஜெயில்ல போட்டாவ, 1911-ல கம்பெனிய மூடியாச்சு. இன்னைக்கு என்ன மாறிட்டு? உலக கண்டெய்னர் கப்பல் கொள்ளளவுல 80 சதவீதத்துக்கு மேல முதல் பத்து கம்பெனி கைல. நம்ம நாட்டு சரக்குல ஒரு காலத்துல 40 சதவீதம் இந்தியக் கப்பல்ல போச்சு, இப்ப 5 சதவீதம்னு பிரதமரே சொல்லுதாரு. ரூட்ட வரையற பேனா வேற எவன் கைலயோ இருக்கும்போது நம்ம ட்ரேட் எப்படி நம்ம கைல இருக்கும்?

காசிமேடு_கடலோடி

அண்ணாச்சி சொல்றதுல நியாயம் இருக்கு. 2025 பிப்ரவரில மெர்ஸ்க், ஹபாக் லாய்டுன்னு ரெண்டு பெரிய கப்பல் கம்பெனிங்க ஜெமினின்னு சேந்து புதுசா ஓட்ட ஆரம்பிச்சாங்க. அவங்க ஐடியாவே மதர் வெசல் கொஞ்ச போர்ட்டுல மட்டும் நிக்கும், மீதி ஊருக்கெல்லாம் ஷட்டில் ஓடும்ங்கறதுதான். ஷெட்யூல் நேரம் தவறாம இருக்கும்னு அவங்க வாதம். அந்த மேசைல ஒரு நாட்டு அரசாங்கமும் உக்காரல, ஆனா எத்தனையோ ஊரோட கனெக்டிவிட்டி நம்பர் அன்னைக்கு மாறிடுச்சு. சொந்தக் கப்பல் இருந்தாலும் சரக்கு ரெண்டு பக்கமும் வேணும்ங்கறதையும் மறக்காதீங்க. சென்னை விளாடிவோஸ்டாக் ரூட்ட எடுத்துக்கோங்க, சுமார் 5,600 நாட்டிகல் மைல், 24 நாள்ல போயிடலாம், மும்பைல இருந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போற பழைய வழில 40 நாள். ரூட் அருமை. வர்றது நிலக்கரி, கச்சா எண்ணெய், உரம். போகும்போது ஏத்தறதுக்கு நம்மகிட்ட அதே அளவு சரக்கு சேரணும், இல்லன்னா காலியா திரும்பற கப்பலுக்கும் சேத்து வாடகைய வர்ற சரக்குதான் சுமக்கும்.

சேப்பாக்கம்_நிலா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ கெடைக்கும்னு எதிர்பாக்கல. நான் இப்ப இப்படி மாத்தலாம்னு இருக்கேன், சரியான்னு சொல்லுங்க. நாட்டு அளவு இண்டெக்ஸ விட்டுட்டு சென்னைல இருந்து ஒவ்வொரு வாங்குற நாட்டுக்கும் பொட்டி எத்தன தடவ மாறுதுன்னு எடுக்கறது. சரக்க ரெண்டா பிரிக்கறது, தேதி தவறினா வீணாகிற சரக்கு ஒரு பக்கம், லேட்ட தாங்குற சரக்கு ஒரு பக்கம். ஃபோன் மாதிரி ஏர்ல போறத வெளிய எடுத்துடறது, இல்லன்னா மதிப்புக் கணக்கு மொத்தமா திரிஞ்சிடும். 2023 நவம்பருக்கு முன்ன, பின்னன்னு வெச்சு பாத்தா, மேற்க போற சரக்கு அடி வாங்கி கிழக்க போறது தப்பிச்சிருந்தா பாதைதான் காரணம்னு சொல்ல முடியும். மூணு போர்ட் சண்டைய நான் தொடப் போறதில்ல, அதுக்கு தனி ஆராய்ச்சி வேணும்.

பாரிமுனை_ஃபார்வர்டர்

நல்லா இருக்கும்மா. ஒண்ணு மட்டும் கவனி, ஷெட்யூல்ல போட்டிருக்க நாள எடுக்காத, கப்பல் நிஜமா வந்து போன நாள எடு, ரெண்டுக்கும் ஏகப்பட்ட வித்தியாசம் வரும். அப்புறம் கிழக்கு சரக்கு தப்பிச்சிருக்கும்னு முன்கூட்டியே நெனச்சுக்காத, கடலோடி சொன்ன மாதிரி கப்பல இழுத்து வேற ரூட்ல போட்டதுல இந்தப் பக்கமும் பொட்டி தட்டுப்பாடு வந்துச்சு. பி.எல் (கப்பல்ல ஏத்தின சரக்கு ரசீது) வாரியா எந்த போர்ட்டுல மாறிச்சுன்னு எங்க ஆபீஸ்ல பழைய ஃபைல் இருக்கு, பார்ட்டி பேர் எல்லாம் எடுத்துட்டு எக்செல்ல குடுக்க முடியுமான்னு முதலாளிகிட்ட கேட்டு சொல்றேன்.

ஆம்பூர்_லெதர்

என் ஷிப்மென்ட் விவரம் எல்லாத்தையும் எடுத்துக்கம்மா, பேர் போட்டாலும் பரவால்ல. 2024 ஜனவரி, பிப்ரவரி பொட்டிங்கள கண்டிப்பா சேத்துக்கோ.